கழுத்து லேபிளில் என்ன பெயர்? சிறு ஆடைத் தொழிலின் முதல் கேள்வி

திருப்பூரில் பனியன் தைக்கும் சிறு யூனிட்டுகளில் பலவற்றுக்குப் பெயர் என்பது ஜி.எஸ்.டி. பதிவுக்கும் பில் புத்தகத்துக்கும் மட்டும் தேவைப்படுகிற ஒன்று. துணி ஆர்டர் கொடுத்தவருடையது; மாடல் அவருடையது; கழுத்தில் வைத்துத் தைக்கிற லேபிளையும் அவரே எண்ணிக் கொடுத்துவிடுகிறார். ஜாப் ஒர்க் நடக்கும் இடத்துக்குக் குலதெய்வத்தின் பெயர் இருந்தாலும் மூத்த மகளின் பெயர் இருந்தாலும் வியாபாரம் கூடப் போவதுமில்லை, குறையப் போவதுமில்லை. இப்படிப் பல வருடம் ஓட்டியவர், சொந்தமாக நூறு டஜன் தைத்து விற்றுப் பார்க்கலாம் என்று ஒரு நாள் துணிகிறார். நூல், நிட்டிங், டையிங், கட்டிங் எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. லேபிள் அடிக்கிறவர் "பேரு என்னன்னு போடட்டுங்க?" என்று கேட்கிற இடத்தில்தான் திகைத்து நிற்கிறார்.

கோவையிலோ மதுரையிலோ வீட்டு மாடியில் பிளவுஸ் தைத்து இன்ஸ்டாகிராமில் விற்கத் தொடங்கும் பெண்ணுக்கும் இதே கேள்வி வருகிறது. இளம்பிள்ளையில் சேலை எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் விற்றவர் கடை போடும்போதும், கரூரில் ஏற்றுமதிக்குத் துண்டும் படுக்கை விரிப்பும் தயாரித்தவர் உள்ளூர்ச் சந்தைப் பக்கம் திரும்பும்போதும் வருகிறது. கேட்டவர்களுக்கெல்லாம் ஊரில் கிடைக்கும் யோசனை மூன்று: என்ன விற்கிறோம் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும், ராசியாக இருக்க வேண்டும், பெரிய பிராண்டு மாதிரி ஒலிக்க வேண்டும். மூன்றுமே பெயரைப் பலவீனமாக்குகிற யோசனைகள் என்பது என் கட்சி. அடுத்த கடையிலிருந்து நம்மைப் பிரித்துக் காட்டுவதுதான் பெயருக்குள்ள வேலை. அதைச் செய்யாத பெயர் எவ்வளவு பொருத்தமாகவும் அழகாகவும் இருந்தாலும் பயனில்லை.

முதலில், பெயர் எங்கே குடியிருக்கப் போகிறது என்று பார்க்க வேண்டும். தாத்தா காலத்தில் அது கடை வாசலில் பலகையாகத் தொங்கியது, மஞ்சள் பையில் அச்சானது. பலகை எவ்வளவு நீளப் பெயரையும் தாங்கும். இன்று ஆடைக்காரரின் பெயர் முதலில் ஏறுவது கழுத்து லேபிளில். டி-ஷர்ட்டின் பின்கழுத்தில் வைத்துத் தைக்கிற நெய்த லேபிள் மிகச் சிறிய துண்டு. பதினான்கு எழுத்துப் பெயரை அதில் போட்டால் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தமிழில் நெய்யச் சொன்னால் சிக்கல் இன்னும் கூடுகிறது. நூலின் தடிமனுக்குள் புள்ளி காணாமல் போகிறது. ணகரத்தின் சுழிகள் ஒன்றாகி, அது னகரமா ணகரமா என்று தெரியாமல் போகிறது. கொம்பும் காலும் தனித்து நின்றால்தான் படிக்க வரும் என்பதால் அகலமும் அதிகம் வேண்டும். சாட்டின் ரிப்பனில் அச்சடித்தால் எழுத்து தெளிவாக விழும், ஆனால் துவைக்கத் துவைக்க மங்கும். குழந்தை உடுப்பில் லேபிள் உறுத்துகிறது என்று, பெயரைத் துணியிலேயே சூட்டில் ஒட்டுகிற டிரான்ஸ்ஃபர் முறைக்குப் பலர் மாறிவிட்டார்கள்; அதில் மெல்லிய கோடுகள்தான் முதலில் உரியும். இரண்டு மூன்று அசைக்குள் அடங்கும் பெயரே நல்லது என்று லேபிள்காரர்கள் சொல்வதற்கு அழகுணர்ச்சி காரணமில்லை. தறியும் அச்சும் படுத்தும் பாடு அது.

லேபிளை விட்டால் பெயர் போகிற அடுத்த இடம் வாய். கல்யாண வீட்டில் ஒருத்தி "இந்தச் சுடிதார் எங்கக்கா எடுத்தீங்க?" என்று கேட்கிறாள். அக்கா பெயரைச் சொல்கிறாள். கேட்டவள் அதைக் காதில் வாங்கி, இரவு வீட்டுக்குப் போய் செல்போனில் ஆங்கில எழுத்தில் தட்டுகிறாள். விளம்பரத்துக்குப் பணமில்லாத சிறு தொழிலுக்கு இதுதான் விளம்பரம். காதிலிருந்து கட்டை விரலுக்குப் போகிற இந்த வழியில்தான் அழகான தமிழ்ப் பெயர்கள் பல தொலைகின்றன. 'யாழி' என்று வைத்தால் ழகரத்துக்கு 'இசட்-ஹெச்' போடுவதா, 'எல்' போடுவதா? நெடிலுக்கு ஒரு 'ஏ'யா, இரண்டு 'ஏ'யா? 'ஸ்ரீ' முன்னால் நின்றால் அதற்கே நாலு எழுத்துக்கூட்டல். சோதித்துப் பார்க்கப் பெரிய செலவில்லை. தெரிந்தவர்கள் ஐந்து பேரைப் போனில் கூப்பிட்டுப் பெயரை ஒரே ஒரு தடவை சொல்லி, ஆங்கிலத்தில் தட்டி அனுப்பச் சொன்னால் போதும். ஐவரும் ஐந்து விதமாக அனுப்பினால் அந்தப் பெயரை நம்பி வாய்வழி வியாபாரம் செய்ய முடியாது.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் விதிகள் பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்கின்றன. ஆங்கிலத்தில் யோசித்து வைத்த பெயரும் ஒரு நாள் தமிழில் பலகை ஏறத்தான் வேண்டும். நம் எழுத்தில் ககரத்துக்கும் பகரத்துக்கும் தகரத்துக்கும் ஒலி ஒன்றுக்கு மேல் உண்டு. 'தாரா' என்று பலகையில் கண்டவர் எப்படி வேண்டுமானாலும் வாசிக்கலாம். இரண்டு எழுத்திலும் ஒரே ஒலியோடு நிற்கிற பெயரைத் தேடுவது கொஞ்சம் கஷ்டம், ஆனால் நமல், மினி, யாவி போன்று மெல்லினமும் இடையினமும் நிறைந்த சொற்களில் அகப்படும்.

எழுத்துக்கூட்டல் பேச்சு வந்தால் எண்கணிதக்காரர் வராமல் இருக்க மாட்டார். கால்டிய முறைப்படி ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 8 வரை ஓர் எண். பெயரின் கூட்டுத்தொகை முதலாளியின் பிறந்த தேதியோடு ஒத்துப்போகவில்லை என்றால் நடுவில் ஒரு 'ஏ', கடைசியில் ஒரு 'ஹெச்' சேர்த்துக்கொள்ளச் சொல்வார். நம்பிக்கை அவரவர் சொந்த விஷயம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் வாடிக்கையாளருக்கு அந்தக் கூடுதல் 'ஹெச்' தெரியாது. வழக்கமான எழுத்தில் தட்டி வேறொருவர் பக்கத்துக்குப் போய்ச் சேருவார். இதைவிடப் பெரிய ஆபத்து, ஏற்கெனவே ஒருவர் வைத்திருக்கும் பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டால் அது வேறு பெயராகிவிட்டது என்று நினைப்பது. டிரேட்மார்க் சட்டம் எழுத்தோடு ஒலியையும் பார்க்கிறது. எண் பொருந்தும் பெயரை முடிவு செய்துவிட்டு அது காலியா என்று பார்ப்பதைவிட, காலியாக இருக்கும் பெயர்கள் நாலைந்தை எடுத்துப்போய் அதில் எண் பொருந்துவதைக் கேட்டுக்கொள்ளலாம். ஜோசியருக்கும் குறை இருக்காது.

பழைய ஜவுளிக்கடைகள் எப்படிப் பெயர் வைத்தன? ஆள் பெயர்தான். 1924-இல் திருநெல்வேலியில் ஆர்.எம்.கே. விசுவநாத பிள்ளை தொடங்கிய கடைக்கு அவர் பெயரின் எழுத்துகளே பெயராயின, ஆர்.எம்.கே.வி. என்றால் விரிவு தெரியாதவர்களும் பட்டுச் சேலையை நினைப்பார்கள். 1928-இல் தொடங்கிய நல்லி சின்னசாமி செட்டியின் கடை 'நல்லி' என்று சுருங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரின் போத்தி மூப்பனார் பெயர் 'போத்தீஸ்' ஆனது. இந்தப் பெயர்கள் எதிலும் துணி என்ற வாசனைகூட இல்லை. முதலில் நீளமாக, சாதிப் பட்டத்தோடு இருந்தவை ஊர் விட்டு ஊர் போகும்போது வாலை உதிர்த்துக்கொண்டன என்பதும் கவனிக்கத்தக்கது. ஊருக்குள் 'இன்னார் கடை' என்று அடையாளம் சொல்லப் பட்டம் உதவியது. புது ஊரில் அதற்குத் தேவை இல்லை. 'நாயுடு ஹால்' போலச் சிலவே அதை வைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தன. பிற்காலத்தில் இதே ஆள் பெயர் மரபு ஒட்டுப்பெயர் வடிவம் எடுத்தது. 1983-இல் கே.ஆர். நாகராஜன் தொடங்கிய வேட்டி நிறுவனத்துக்கு 'ராம்ராஜ்' என்ற பெயர், அப்பா ராமசாமி பெயரின் முன்பாதியும் நாகராஜன் பெயரின் பின்பாதியும் சேர்ந்து வந்தது. ஊரெங்கும் கணவன் பெயரின் தலையையும் மனைவி பெயரின் வாலையும் முடிந்து வைத்த கடைகளைப் பார்க்கலாம். சிலர் இதைக் கேலி செய்வார்கள். எனக்கு அது புத்திசாலித்தனமான வழியாகவே படுகிறது. அப்படி முடிகிற சொல் வேறு யாரிடமும் இருக்க வாய்ப்பு குறைவு, சொல்லவும் எளிது, சொந்தக்காரருக்கு அதில் பற்றும் இருக்கிறது.

தொழிலைச் சொல்லும் பெயர்களுக்கு வருவோம். 'காட்டன் வேர்ல்டு', 'கிட்ஸ் வேர்', 'சில்க் பேலஸ்' போன்றவை. வைக்கிற அன்றே விளக்கம் தேவையில்லை என்பது இவற்றின் கவர்ச்சி. அந்தக் கவர்ச்சியே எமனாகிறது. 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, சரக்கின் வகையையோ தரத்தையோ உற்பத்தியாகும் இடத்தையோ மட்டும் சொல்லும் சொற்களைப் பதிய மறுக்கிறது. காட்டன் விற்கிற எல்லோருக்கும் 'காட்டன்' என்ற சொல் வேண்டும், ஒருவர் அதை வளைத்துப் போட முடியாது என்பதே அதன் நியாயம். நீண்ட காலம் பயன்படுத்தி மக்கள் மனத்தில் நம்மோடு மட்டும் ஒட்டிவிட்டது என்று நிரூபித்தால் பதியலாம். புதிதாகத் தொடங்குகிறவரிடம் அந்த நிரூபணம் எப்படி இருக்கும்?

இந்த விஷயத்தில் உலகமெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கிற வழக்கு ஓர் ஆடைக் கம்பெனியுடையது. அபர்க்ராம்பி அண்ட் ஃபிட்ச் என்ற அமெரிக்க நிறுவனம் 'சஃபாரி' என்ற சொல்லைத் தன்னுடையது என்று கொண்டாடி, ஹண்டிங் வேர்ல்டு என்ற போட்டிக் கடை மீது வழக்குப் போட்டது. 1976-இல் தீர்ப்பு சொன்ன மேல்முறையீட்டு நீதிமன்றம், சொற்களை ஒரு படிக்கட்டாக வரிசைப்படுத்தியது. பொருளின் பொதுப்பெயர் அடிப்படி. அதற்கு மேலே விவரிக்கும் சொல். அதற்கும் மேலே குறிப்பாக உணர்த்தும் சொல். உச்சியில் சம்பந்தமில்லாத சொல்லும் புதிதாகப் புனைந்த சொல்லும். சஃபாரி என்பது ஒருவகைச் சட்டை, தொப்பிக்குப் பொதுப்பெயராகிவிட்டது, அதில் யாருக்கும் தனியுரிமை இல்லை என்றது நீதிமன்றம்; காலணி போன்ற வேறு சில சரக்குகளில் அந்த நிறுவனத்தின் பதிவு நின்றது. எழுபதுகளில் நம்மூர் டெய்லர்களிடம் சஃபாரி சூட் தைத்துப் போட்டவர்களுக்கு இந்தத் தீர்ப்பில் விளக்கம் எதுவும் தேவைப்படாது. ஒரே சொல் ஒரு சரக்குக்குப் பொதுச்சொத்து, இன்னொரு சரக்குக்குத் தனிச்சொத்து. பெயர் தேடுகிறவர் படிக்கட்டின் மேல் பாதியில் தேட வேண்டும் என்பதற்கு மேல் வேறு சூத்திரம் தேவையில்லை.

ஆங்கிலத்தில் விவரித்தால்தானே தடை, தமிழில் வைத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு உண்டு. அதுவும் ஓடாது. இந்தியும் ஆங்கிலமும் அல்லாத எழுத்தில் விண்ணப்பித்தால் ஒலிபெயர்ப்பும் பொருளும் கொடுக்க வேண்டும். 'ஆடை', 'நெசவு' என்றால் அதிகாரிக்கும் புரிந்துவிடும். அதோடு, கைத்தறி ஆர்வம் பெருகிய பிறகு தொடங்கிய சிறு பிராண்டுகள் 'தறி', 'இழை', 'நூல்', 'பாவு', 'ஊடை' என்று ஒரே நெசவுக் கூடத்துக்குள் சுற்றிச் சுற்றிப் பெயர் எடுத்துவிட்டன. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அழகு. வரிசையாக நிறுத்தினால் எது யாருடையது என்று வாங்குகிறவருக்கு நினைவிருக்காது. நெசவுக்குச் சம்பந்தமே இல்லாத தமிழ்ச் சொற்கள், வயல், சமையல், விளையாட்டு, வானிலைச் சொற்கள், எவ்வளவோ காலியாகக் கிடக்கின்றன. 'தட்டாமாலை' என்று ஒரு குழந்தை உடுப்புக்கு வைத்தால் யார் மறக்கப் போகிறார்கள்? (லேபிளுக்கு நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன்.)

ஊர்ப் பெயரும் துணி வகைப் பெயரும் இதைவிட வழுக்கலான தரை. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. பவானி ஜமக்காளம், ஆரணிப் பட்டு, மதுரைச் சுங்குடி, கோவை கோரா காட்டன் ஆகியவற்றுக்கும் உண்டு. அந்த ஊரில் அந்த முறையில் நெய்யாத சரக்குக்கு அந்தப் பெயரைப் பிராண்டாக வைத்தால் அழகுப் பிரச்சினையாக நிற்காது, சட்டப் பிரச்சினையாகிவிடும். 'காதி' என்ற சொல்லும் அப்படியே. காதி கிராமத் தொழில் ஆணையத்தின் சான்று இல்லாமல் அதைத் துணியில் போட முடியாது. ஃபேப்இந்தியா போன்ற பெரிய நிறுவனத்தின் மீதே ஆணையம் இதற்காக வழக்குத் தொடர்ந்தது. நிறுவனம் பிறந்த ஊருக்கும் பெயருக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பதும் இல்லை. திருப்பூரில் வேர்விட்ட கடைக்குத்தான் 'சென்னை சில்க்ஸ்' என்று பெயர். ஆனால் சிறு தொழில்காரர் அதைப் பார்த்து ஊர்ப் பெயர் வைக்கக் கூடாது. பல மாடி எழுப்பி அந்தப் பெயரை நிலைநிறுத்தப் பணம் இருந்தவர்கள் அவர்கள்.

சாமி பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. முருகன், லட்சுமி, அம்மன் பெயரில் கடை வைப்பதை யாரும் தடுக்கவில்லை. அந்தப் பெயரை நமக்கு மட்டும் என்று கேட்கும்போதுதான் கதவு சாத்துகிறது. 'ராமாயண்' என்ற பெயரை ஊதுபத்திக்குத் தனியுரிமையாகக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை எவரும் டிரேட்மார்க்காகச் சொந்தம் கொண்டாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொன்னது. சாமி பெயர் ஊரில் பத்து கடைக்கு இருக்கும். பதினோராவது கடைக்குப் பக்தி குறையாது, அடையாளம்தான் குறையும். கடைக்குள் படமாகவும் கல்லாப்பெட்டியில் குங்குமமாகவும் சாமி இருந்துவிட்டுப் போகட்டும்.

பெரிய பிராண்டு மாதிரி ஒலிக்கும் வெள்ளைக்காரப் பெயர்? அதற்கு நம் நாட்டில் நல்ல வரலாறே இருக்கிறது. லூயி பிலிப், வான் ஹூசன், ஆலன் சோலி, பீட்டர் இங்லாண்ட் சட்டைகளை இந்தியாவில் விற்கும் பிர்லா குழுமப் பிரிவின் பெயர் மதுரா. மதுரை ஆலையோடு தொடர்புள்ள மதுரா கோட்ஸிலிருந்து வந்த பெயர் அது. மதுரையின் பெயர் கம்பெனிப் பத்திரத்துக்குள் இருக்க, சட்டைக் காலரில் இங்கிலாந்து இருக்கிறது. வாங்குகிறவருக்கு அந்த மயக்கம் பிடித்திருந்தது என்பது உண்மை. ஆனால் அவற்றில் சிலவற்றுக்கு நிஜமான வெளிநாட்டுப் பூர்வீகம் உண்டு, பின்னால் விளம்பரச் செலவும் உண்டு. வீட்டு மாடியில் தைப்பவர் இத்தாலியப் பெயர் ஒன்றைக் கற்பனை செய்து வைத்தால், முதல் சிக்கல் உச்சரிப்பு. இரண்டாவது, வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளரோடு 'வாங்கக்கா' என்று பேசும்போது அந்த வேஷம் நிற்காது. தவிர, பிரபலமான வெளிநாட்டுப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வைப்பது திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சம் விற்பவர்களுக்கு ஒரு காலத்தில் வேடிக்கை. சொந்தப் பிராண்டு கட்ட நினைப்பவருக்குத் தற்கொலை.

புனைந்த பெயர்கள் எப்படிப் பிறக்கின்றன என்று பார்த்தால், பெரிய யோசனையெல்லாம் இல்லை. ஸ்பெயினின் லா கொருன்யாவில் 1975-இல் கடை திறந்த அமன்சியோ ஒர்டேகா 'ஸோர்பா' என்று வைக்க நினைத்தாராம். அதே பெயரில் பக்கத்தில் ஒரு மதுக்கடை இருந்தது. பலகைக்கு எழுத்துகள் வார்த்தாகிவிட்டதால் இருக்கிற எழுத்துகளை வைத்துச் சமாளித்ததில் வந்தது 'ஸாரா' என்று கதை. ஜப்பானின் யுனிக்லோ, 'யூனிக் கிளாத்திங் வேர்ஹவுஸ்' என்ற விளக்கப் பெயராக ஹிரோஷிமாவில் 1984-இல் தொடங்கியது. சுருக்கிய பெயரை ஹாங்காங்கில் பதியும்போது 'சி' இருக்க வேண்டிய இடத்தில் 'க்யூ' விழுந்துவிட்டது. பிழையையே வைத்துக்கொண்டார்கள். விளக்கப் பெயராகவே நின்றிருந்தால் இன்று அது ஆயிரம் கிடங்குக் கடைகளில் ஒன்று.

இனிச் சட்டத்தின் வாசல். பலர் செய்கிற தவறு, ஜி.எஸ்.டி.யில் 'டிரேட் நேம்' என்று போட்டுவிட்டதால் பெயர் தம்முடையதாகிவிட்டது என்று நினைப்பது. கம்பெனியாகப் பதிந்தாலும், உத்யம் சான்று வாங்கினாலும், இணைய முகவரி எடுத்தாலும் அந்த உரிமை வராது. டிரேட்மார்க் தனி. இந்தியாவில் அதற்கு ஐந்து அலுவலகங்கள். தமிழ்நாட்டுக்குச் சென்னை கிண்டியில் இருப்பது. விண்ணப்பம் இணையத்திலேயே போய்விடும். தேடுவதற்குக் கட்டணம் இல்லை. அரசின் பொதுத் தேடல் பக்கத்தில் சொல்லை அப்படியே தேடலாம், ஒலியை வைத்தும் தேடலாம். ஒலித் தேடலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஒளிந்திருக்கும். தைத்த உடுப்புக்கு 25-ஆம் வகுப்பு, துணிக்கும் படுக்கை விரிப்பு, துண்டுக்கும் 24, கடையாகவோ ஆன்லைனாகவோ விற்பனைக்கு 35. கரூர்க்காரரும் திருப்பூர்க்காரரும் ஒரே பெயர் வைத்தாலும் வகுப்பு வேறு என்று தப்பிக்கலாமா? எல்லா நேரமும் இல்லை. வகுப்பு அலுவலக வசதிக்கு. வாங்குகிறவர் குழம்புவாரா என்பதே கேள்வி. கர்நாடகப் பால் கூட்டுறவின் 'நந்தினி'யும் பெங்களூரின் 'நந்தினி டீலக்ஸ்' உணவகமும் மோதியபோது, சரக்கு வேறு, முத்திரை வேறு என்று இரண்டும் இருக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2018-இல் அனுமதித்தது. மாறாக 1962-இல், 'அமிர்ததாரா' இருக்கையில் 'லட்சுமணதாரா' வந்தால் அரைகுறை நினைவோடு கடைக்கு வரும் சாமானியர் குழம்புவார் என்றது. துணிக்கும் உடுப்புக்கும் உள்ள தூரம் பாலுக்கும் உணவகத்துக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைவு.

தனிநபரும் சிறு நிறுவனமும் இணையத்தில் விண்ணப்பித்தால் வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. சிறு நிறுவனம் என்று காட்டத்தான் உத்யம் சான்று உதவுகிறது. பரிசோதனை அறிக்கை வந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். பிறகு டிரேட்மார்க் இதழில் வெளியாகும். அதிலிருந்து நான்கு மாதம் யாரும் ஆட்சேபம் சொல்லலாம். ஆட்சேபம் இல்லையென்றால் சான்றிதழ், பத்தாண்டுக்குச் செல்லும், உரிமை விண்ணப்பித்த தேதியிலிருந்தே கணக்கு. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் லோகோவைப் பதியாமல் சொல்லைப் பதிவதே மேல். லோகோ மூன்று வருடத்தில் மாறும், சொல் மாறாது. ஆங்கில 'ஆர்' வட்டத்தைச் சான்றிதழ் வருமுன் லேபிளில் போடுவது சட்டப்படி தவறு, அதுவரை 'டி.எம்.' போட்டுக்கொள்ளலாம்.

பதிவு செய்தவர்தான் ராஜா என்றும் நினைத்துவிடக் கூடாது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கு இதற்குச் சரியான பாடம். வெளிச்சம் குறைந்த அந்தக் கடைக்கு முதலாளி வைத்த பெயர் அல்ல அது. வாங்க வந்தவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிலைத்தது. அந்தப் பெயரோடு ஊர்ப் பெயரைச் சேர்த்து வேறொருவரும் டிரேட்மார்க் பதிந்திருந்தார். இருவர் கையிலும் சான்றிதழ். உச்ச நீதிமன்றம் 2015-இல், முன்பிருந்தே பயன்படுத்தி நற்பெயர் சேர்த்தவரின் உரிமை பதிவைவிட மேலானது என்று தீர்த்தது. ஆடைக்காரருக்கு இதிலிருந்து கிடைப்பது இரண்டு செய்தி. பதிவேட்டில் பெயர் இல்லை என்பதால் அது காலி என்று அர்த்தமில்லை. கூகுளிலும் இன்ஸ்டாகிராமிலும் மீஷோ, அமேசானிலும் யாராவது விற்கிறார்களா என்று தேட வேண்டும். அதே சமயம், நாம் முதலில் பயன்படுத்தியதற்கு ஆதாரம் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் லேபிள் பில், முதல் விற்பனைப் பில், முதல் விளம்பரப் பதிவின் தேதி, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைப்பது நல்லது.

பெயர் யாருடையது என்ற கேள்வி வெளியாட்களைவிட வீட்டாரிடமிருந்தே அதிகம் கிளம்புகிறது. ரங்கநாதன் தெருவில் வளர்ந்த 'சரவணா' இன்று செல்வரத்தினம், சூப்பர், லெஜண்ட் என்று வெவ்வேறு முன்னொட்டு, பின்னொட்டுகளோடு குடும்பத்தின் கிளைகளிடம் இருக்கிறது. வெளியூர்க்காரர் எது யாருடையது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார். அவர்கள் அளவுக்கு வளர்ந்தவர்களுக்கு அது தாங்கும். இரண்டு தோழிகள் சேர்ந்து தொடங்கிய பொட்டிக்கோ, அண்ணன் தம்பி நடத்தும் பனியன் கம்பெனியோ பிரிந்தால் பெயரே முடங்கிவிடும். கூட்டு ஒப்பந்தத்தில் முதலீடு எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று எழுதுகிறவர்கள், பிரிந்தால் பெயர் யாருக்கு என்று ஒரு வரி எழுதுவதில்லை. விண்ணப்பத்தில் யார் பெயரைப் போடுவது என்பதும் அப்போதே பேசி முடிக்க வேண்டியது. லோகோ வரைந்து கொடுத்த டிசைனரிடம் காசு கொடுத்துவிட்டதால் அதன் பதிப்புரிமை தானாக நமக்கு வந்துவிடும் என்றும் நம்பியிருக்கக் கூடாது; எழுத்தில் ஒரு தாள் வாங்கிக்கொள்வதே பத்திரம்.

எவ்வளவு நேரம் செலவிடலாம்? பெயருக்காக மாதக்கணக்கில் தொழிலைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வீண். ராம்ராஜோ நல்லியோ வைத்த அன்று ஆள் பெயருக்கு மேல் ஒன்றுமில்லை. விற்ற சரக்குதான் அதற்குள் அர்த்தத்தைப் போட்டது. 'கிட்ஸ்', 'சில்க்ஸ்', 'லேடீஸ்' என்று எதிர்காலத்தைக் கட்டிப்போடும் வாலை மட்டும் தவிர்த்தால் போதும். குழந்தை உடுப்பில் தொடங்கியவர் நாளை நைட்டி தைக்கவும் கூடும்.

தப்பான பெயரில் தொடங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பதற வேண்டியதில்லை. வக்கீல் நோட்டீஸ் வருமுன் மாற்றுவது மலிவு. வந்தபின் மாற்றுவது கையில் உள்ள லேபிள், டேக், பாலிபேக், டப்பா எல்லாவற்றையும் குப்பையில் போடுவது. புதுப் பெயருக்கு விண்ணப்பித்துவிட்டு, பழைய பெயரில் நமக்கு ஆபத்தில்லை என்றால் ஒரு சீசனுக்குப் பழையதைச் சின்னதாகக் கீழே சேர்த்துப் போட்டு, பில்லிலும் வாட்ஸ்அப் முகப்பிலும் அறிவித்துவிடலாம். எண்ணிக்கை கூடினால் விலை குறையும் என்று லேபிள்காரர்கள் ஆசை காட்டுவார்கள். பரிசோதனை அறிக்கை கைக்கு வரும்வரை அவர்கள் கேட்கும் குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு மேல் ஒரு லேபிள்கூட அடிக்க வேண்டாம்.